மீட்ட தரவுத்தளமும் பழுதெச்சரிக்கையும்

ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒரு நூலைப் பேண விரும்பினோர் அதனைப் படியெடுத்து வைத்தனர். படியெடுப்போன் மூலத்திலிருந்த பிழையையும் சேர்த்தே எழுதினான். சிலபோது தன் பிழையையும் கூட்டினான். ஆதலின், படி உண்டு என்பது ஒன்று; செம்மையான படி உண்டு என்பது மற்றொன்று. சேர்வு இடாப்பு, பரீட்சைப் பெறுபேறு, நூலகப் பட்டியல் முதலியன கணினித் தரவுத்தளங்களில் ஏறிவிட்ட இந்நாளில், இவ்வேறுபாட்டை அறிதல் முன்னையினும் இன்றியமையாததாயிற்று.

கணினி பழுதுற்றவிடத்துக் காப்புப்படியிலிருந்து தரவுத்தளத்தை மீட்கின்றோம். மீட்பு இனிது முடிந்தது என்னும் செய்தி வருகின்றது. சின்னாள் கழித்துத் திரையிலே பழுதெச்சரிக்கை தோன்றுகின்றது. அப்பொழுது யாது செய்தல் தகும்? உலகெங்கும் பயிலப்படும் போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவாம்.

முதற்கண் செய்யத்தக்கது, ஒன்றும் திருத்தாதிருத்தலே. புதிய பதிவுகளை நிறுத்தல் வேண்டும். பழுதுற்ற நிலையிலுள்ள கோப்புகள் அனைத்தையும் உள்ளவாறே பிறிதோரிடத்திற் படியெடுத்தல் வேண்டும். மூலக் காப்புப்படியைத் தொடாது வைத்தல் வேண்டும். நோயறியுமுன் மருந்து கொடுப்பது கேடாதல் போல, எச்சரிக்கையின் காரணம் அறியாது திருத்தப் புகுவது எஞ்சியதையும் அழிக்கும். காரணங்கள் பெரும்பாலும் மூவகைப்படும்.

முதலாவது, பக்கப் பழுது. போஸ்ட்கிரெஸ் தரவுகளை 8 கிலோபைற்று அளவான பக்கங்களாக வைத்திருக்கின்றது. 2013 இல் வெளிவந்த 9.3 ஆம் பதிப்பு முதலாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் செக்சம் எனப்படும் சரிபார்ப்பெண் ஒன்றை இட்டுவைக்கும் வசதி உண்டு. பக்கத்தைப் படிக்கும்போது அவ்வெண் ஒவ்வாதாயின் எச்சரிக்கை எழும். இதன் மூலத்தை அறிதற்கு எளிய வழி, அதே காப்புப்படியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்ப்பதாம். அங்கும் அதே பக்கம் பழுதெனின் குற்றம் காப்புப்படியினது. முந்திய நாட் படியை நாடுதல் வேண்டும். அங்கே பழுதில்லையெனின் ஐயம் முதற் கணினியின் வட்டின்மேலும் நினைவகத்தின்மேலும் செல்லும். பழுதுற்ற பக்கங்களை வெறுமையாக்கி மேற்செல்லும் ஏற்பாடொன்றும் இம்மென்பொருளில் உண்டு. அஃது எச்சரிக்கையை நீக்கும். அப்பக்கத்திலிருந்த பதிவுகளையும் உடன் நீக்கும். வேறு கதியில்லாதவிடத்தன்றி அதனைக் கையாளலாகாது.

இரண்டாவது, குறைபட்ட படி. தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை வாளா படியெடுப்பின், ஒரு கோப்பு முற்பொழுதின் நிலையையும் மற்றொன்று பிற்பொழுதின் நிலையையும் காட்டும். இம்முரணைத் தீர்ப்பன, மாற்றங்களை நிரலே பதிந்துவைக்கும் குறிப்பேட்டுக் கோப்புகளாம். அக்குறிப்பேட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பதைக் காட்ட, காப்புப்படியுடன் சிறு அடையாளக் கோப்பொன்று வருகின்றது. தரவுத்தளம் எழவில்லையே என்று அவ்வடையாளக் கோப்பை அழித்துவிடுவோர் உளர். அழித்தபின் தரவுத்தளம் எழும். ஆயினும் அதன் உள்ளே பழுது படிந்திருக்கும். உரிய மருந்து, குறிப்பேடுகளுடன் கூடிய முழுப்படியை மீண்டும் மீட்டலே.

மூன்றாவது, வரிசை மாற்றம். தமிழ் மாணாக்கர்க்கு இஃது எளிதில் விளங்கும். நம் நெடுங்கணக்கில் வகரம் ழகரத்தின் முன் நிற்பதால், அகராதியில் 'பவளம்' முன்னும் 'பழம்' பின்னும் வரும். யூனிக்கோடு குறியெண்ணின் வரிசையிலோ ழகரம் வகரத்துக்கு முன் நிற்பதால் 'பழம்' முந்தும். ஒரு முறைப்படி அடுக்கிய அகராதியில் மற்றொரு முறைப்படி தேடுவோன், சொல் அங்கிருக்கவும், இல்லையென்றே மூடிவைப்பான்.

தரவுத்தளத்திலும் விரைந்து தேடுதற்பொருட்டு வரிசைப்படுத்திய அடைவுகள் உள. லினக்ஸ் கணினிகளில் இவ்வரிசையைப் பெரும்பாலும் வகுப்பது ஜி-லிப்-சி என்னும் அடிப்படை நூலகம். 2018 ஆகத்தில் வெளிவந்த அதன் 2.28 ஆம் பதிப்பில் வரிசை விதிகள் பெரிதும் மாறின. ஆங்கில வரிசையில் முன்பு '11' என்பதன் பின் நின்ற '1-1' என்பது அதன்பின் முன்னே வந்தது. ஆகவே பழைய கணினியின் கோப்புகளை அப்படியே புதிய கணினியில் மீட்டால், அடைவு பழைய வரிசையில் இருக்கும். தேடல் புதிய வரிசையில் நடக்கும்.

இதன் விளைவு சிறிதன்று. ஒரு மாணவனின் சேர்விலக்கத்தைத் தேடும் எழுதுவினைஞர் அஃது இல்லையெனக் கண்டு புதிதாகப் பதிவர். ஒருவனுக்கு இரு பதிவுகள் தோன்றும். பெறுபேறு ஒன்றிலும் விடுகைப் பத்திரம் மற்றொன்றிலும் சேரும். ஒரு வட்டும் கெடவில்லை. ஓர் எழுத்தும் அழியவில்லை. ஆயினும் இடாப்பு பொய்த்துவிட்டது.

2022 இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 15 ஆம் பதிப்பு முதலாக, தரவுத்தளத்தின் வரிசைப் பதிப்பு ஒவ்வாதவிடத்து மென்பொருளே எச்சரிக்கின்றது. அடைவுகளை மீளக்கட்டி, பின்னர்ப் பதிப்பெண்ணைப் புதுப்பிக்குமாறும் கூறுகின்றது. இவ்விரண்டனுள் பின்னதை மட்டும் செய்தாலும் எச்சரிக்கை மறையும், பழுதோ மறையாது. முன்னதைச் செய்த பின்னரே பின்னதைச் செய்தல் வேண்டும். மீளக்கட்டும்போது இரட்டைப் பதிவு உண்டென்று மறுப்பு வருமாயின் அதனைத் தடையென வெறுத்தலாகாது. பழுது காலத்தில் நுழைந்த பதிவுகளை அதுவே நமக்குக் காட்டித் தருகின்றது. அவற்றை மூலப் பத்திரங்களோடு ஒப்பிட்டு, எது மெய்யென மனிதரே தீர்த்தல் வேண்டும்.

தரவுகளைக் கோப்பாகவன்றி, எழுத்து வடிவில் இறக்கி மீள ஏற்றும் முறையும் உண்டு. அம்முறையில் அடைவுகள் புதிதாகக் கட்டப்படுதலின் இம்மூன்றாங் குற்றம் நேராது. அன்றியும், அவ்வாறு இறக்கும்போது அட்டவணைகள் யாவும் முற்றப் படிக்கப்படுவதால் பக்கப் பழுது இருப்பின் வெளிப்படும். அடைவுகளின் பழுதை மட்டும் அது காட்டாது. அதற்கெனத் தனிச் சோதனைக் கருவி போஸ்ட்கிரெஸிலேயே உண்டு.

இதுகாறும் கூறியவற்றால், மீட்புக்குப் பின் எழும் எச்சரிக்கையை நம் பகையெனக் கொள்ளாது, தூதெனக் கொள்ளல் வேண்டுமென்பது பெறப்படும். தூதனை வாய்மூடச் செய்வது எளிது. அவன் கொணர்ந்த செய்தியை ஆராய்வதே அறிவுடைமை. இடாப்புகளைக் காக்கும் பொறுப்புடையோர் தவணைக்கு ஒருமுறையேனும் காப்புப்படியை வேறொரு கணினியில் மீட்டு, பதிவுகளை எண்ணி, சிலவற்றைப் பெயர்சொல்லித் தேடிப் பார்ப்பாராக. மீட்டுப் பாராத காப்புப்படி, திறந்து பாராத களஞ்சியம் போல்வது. அதனுள் இருப்பது நெல்லோ உமியோ என்பது பஞ்சகாலத்திலேதான் தெரியவரும். அக்காலத்தில் அறிந்து பயனில்லை.