"உம்" என்று முனகும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்: பழுதைத் தேடுவது எப்படி?



படிவம் 5 இயற்பியலில் மின்னணுவியல் பாடம் நடத்தும்போது வகுப்பில் அடிக்கடி ஒரு கேள்வி வரும். "சார், வெப்ப எலக்ட்ரான் உமிழ்வு, அலைதிருத்தம், மின்தேக்கி... இதையெல்லாம் படிச்சு என்ன செய்யப் போறோம்?" நியாயமான கேள்விதான். இந்த மூன்றும் ஒன்றாக வேலை செய்யும் ஒரு பெட்டி உங்கள் தாத்தா வீட்டு ஸ்டோர் ரூமில் கிடக்கலாம். அதுதான் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்.

எடுத்துக்காட்டாக, 1950களில் பிரிட்டனில் புகழ்பெற்ற 'முல்லார்ட் 5-10' வடிவமைப்பைப் பார்ப்போம். 5 வால்வு, 10 வாட். பெயருக்குப் பொருள் அதுதான். முதலில் வரும் இ.எஃப்.86, உள்ளே நுழையும் சிறிய ஒலிக்குறிப்பைப் பெருக்குகிறது. இ.சி.சி.83 அதை எதிரெதிரான இரண்டு குறிப்புகளாகப் பிரிக்கிறது. இரண்டு இ.எல்.84 வால்வுகள் ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றலைத் தருகின்றன. ஐந்தாவது வால்வு மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் மின்திருத்தி.

முதலில் உயிர், பிறகு பழுது

இந்தப் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் அது தங்கியிருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 320 வோல்ட்டில் இருந்தால், ½CV² சூத்திரப்படி அதிலுள்ள ஆற்றல் 2.56 ஜூல். இதயத்தைப் பாதிக்க இது போதும்.

ஆகவே பிளக்கைப் பிடுங்குங்கள். மின்காப்பிட்ட கம்பிகளில் பொருத்திய 10 கிலோஓம், 5 வாட் மின்தடையை மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே பிடியுங்கள். RC = 0.5 வினாடி. ஐந்து மடங்கு நேரத்தில், அதாவது 2.5 வினாடியில், மின்னழுத்தம் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். இதே போல ஒவ்வொரு பெரிய மின்தேக்கியையும் வெறுமையாக்க வேண்டும்.

மாணவர்களே, இதைத் தனியாகத் திறக்கவே கூடாது. அனுபவமுள்ள பெரியவர் செய்யட்டும். நீங்கள் அளவுகளைக் குறித்துக் காரணம் சொல்லுங்கள். இன்னொன்று, ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டக்கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, அதன் காப்புறை பழுதாகிவிடலாம்.

1. ஃபியூஸ் எரிகிறது

"சின்ன ஃபியூஸ்தானே, கொஞ்சம் பெருசா போட்டா நிக்கும்" என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். ஃபியூஸ் நின்றது; டிரான்ஸ்ஃபார்மர் கருகியது. அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீங்க.

மின்திருத்தி வால்வைக் கழற்றிவிட்டு, அதே அளவு ஃபியூஸ் போட்டு ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் எரிந்தால், டிரான்ஸ்ஃபார்மரிலோ இழை சூடாக்கும் கம்பித்தொடரிலோ குறுக்குச்சுற்று இருக்கிறது. எரியவில்லை என்றால், பழுது மின்திருத்தியிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. ஒரே சோதனையில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது பாருங்கள்.

2. ஒரு வால்வு மட்டும் ஒளிரவில்லை

இழைகள் 6.3 வோல்ட்டில் பக்க இணைப்பில் இருக்கின்றன. எனவே ஒன்று அறுந்தாலும் மற்றவை எரியும். ஒளிராத வால்வின் இழை அறுந்திருக்கலாம், அல்லது சாக்கெட் துருப்பிடித்திருக்கலாம். இழை சூடாகாவிட்டால் கேத்தோடிலிருந்து எலக்ட்ரான் உமிழாது, ஒலியும் வராது.

3. "உம்ம்ம்" என்ற முனகல்

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலைதிருத்தத்தில் அலையின் இரண்டு பாதிகளும் பயன்படுவதால் துடிப்பு 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. இந்த வேறுபாடுதான் நமக்குத் துப்பு.

முனகல் 100 ஹெர்ட்ஸ் என்றால், முதல் சந்தேகம் உலர்ந்துபோன சீராக்கும் மின்தேக்கி மீது. 50 ஹெர்ட்ஸ் என்றால், இழைச் சுற்று, புவி இணைப்பு, காப்பு இல்லாத உள்ளீட்டுக் கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். கீபோர்டு இருந்தால் 98 ஹெர்ட்ஸ் கொண்ட 'ஜி' சுரத்தோடும், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள 49 ஹெர்ட்ஸ் 'ஜி' சுரத்தோடும் ஒப்பிட்டுக் கேட்கலாம்.

அடுத்து வால்யூமைக் குறையுங்கள். முனகலும் குறைந்தால், பழுது வால்யூம் குமிழுக்கு முன்னால் இருக்கிறது. மாறாமல் இருந்தால் பின்னால்.

4. வால்வின் தகடு சிவக்கிறது

உடனே நிறுத்துங்கள்! வால்வு தாங்கும் அளவை மீறி மின்னோட்டம் பாய்கிறது. ஒவ்வொரு இ.எல்.84 வால்வுக்கும் தனித்தனியாக 270 ஓம் கேத்தோடு மின்தடை இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் 10.8 வோல்ட் காட்டினால், ஓம் விதிப்படி மின்னோட்டம் 40 மில்லிஆம்பியர். மற்றொன்றில் 16.2 வோல்ட் காட்டினால் 60 மில்லிஆம்பியர். இரண்டாவதுதான் நோயாளி.

ஆனால் குற்றவாளி அந்த வால்வுதான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அதன் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும். சில வோல்ட் நேர்மின் காட்டினால், ஆம்ப்ளிஃபயரை அணைத்து, வெறுமையாக்கி, அந்த வால்வை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் சிறிது நேரம் அளந்து பாருங்கள். மின்னழுத்தம் அப்படியே இருந்தால், முந்தைய நிலையிலிருந்து வரும் இணைப்பு மின்தேக்கி கசிகிறது. மறைந்துவிட்டால், வால்வே கெட்டுவிட்டது. இதைப் பார்க்காமல் புது வால்வு வாங்கிப் போட்டால், கசியும் மின்தேக்கி அதையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

ஆசிரியர் கவனத்திற்கு

நான்கு பழுதுகளிலும் நாம் செய்தது ஒன்றுதான். அறிகுறியைக் கவனித்தோம், சாத்தியங்களை இரண்டாகப் பிரிக்கும் ஒரு சோதனையைச் செய்தோம், அதன் பிறகே முடிவுக்கு வந்தோம். எஸ்.பி.எம். தேர்வில் "காரணம் கூறுக" என்று கேட்கும்போது எதிர்பார்ப்பதும் இதே ஒழுங்கைத்தான். ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கீழுள்ள கேள்விகளை வகுப்பில் கொடுத்துப் பாருங்கள்.

1. அரை அலைதிருத்தம் செய்யும் சுற்றில் மின்தேக்கி உலர்ந்தால் முனகல் எத்தனை ஹெர்ட்ஸில் இருக்கும்? ஏன்?
2. மின்தேக்கியை வெறுமையாக்க 10 கிலோஓமுக்குப் பதிலாக 100 கிலோஓம் பயன்படுத்தினால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

விடைகள்: (1) 50 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதி மட்டுமே பயன்படுகிறது. (2) RC 5 வினாடி ஆகிறது. எனவே சுமார் 25 வினாடி.

விடை சரியாக வந்த மாணவரிடம் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றும் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் பாடம் இருக்கிறது.