பீடைகொல்லியும் பிள்ளைகளின் உயிரும்

சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு வார காலம் கல்லூரிக்கு வரவில்லை. வன்னியிலே கமக்காரக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். காரணமின்றி வராது நிற்பவரல்லர். வீடு தேடிச் சென்றபோதுதான் நடந்தது தெரியவந்தது. தாயாருடன் நேர்ந்த வாய்த்தர்க்கம் ஒன்றின் பின், தோட்டத்துக்கென வாங்கி வைத்திருந்த மருந்தை அவருடைய தமக்கையார் அருந்திவிட்டார். தெய்வாதீனமாகப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. திண்ணையில் அமர்ந்திருந்த தாயார் எம்மிடம் கூறிய சொற்கள் இன்றும் செவியில் நிற்கின்றன: "சேர், முந்தி கடையளில வித்த மருந்தெண்டால் தங்களாலையும் ஒண்டும் செய்திருக்கேலாது எண்டு டொக்டர் சொன்னவர்."

பயிருக்குத் தெளிக்கும் நஞ்சை எம்மவர் மருந்து என்றே வழங்குகின்றனர். நெல்லும் மிளகாயும் வெங்காயமும் விளையும் ஊர்களில் அப்போத்தல் அரிசிப்பானையைப் போல வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. எனவே அதனைப் பற்றிய அச்சமும் இல்லை.

அந்த வைத்தியர் கூறியது வெறும் ஆறுதல் மொழியன்று. 1995ஆம் ஆண்டிலே இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்றாக இருந்தது. பத்தாண்டுகளில் அத்தொகை பாதியாகக் குறைந்தது. 2015ஆம் ஆண்டளவில் மூன்றிலொரு பங்கிற்கு அண்மையாக வந்துவிட்டது. இக்குறைவிற்கு ஆய்வாளர் முதன்மையாகக் காட்டுங் காரணம், அரசாங்கத்தின் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் ஆரவாரமின்றிச் செய்த ஒரு காரியமாகும். 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் துணைகொண்டு, மனிதவுயிருக்கு மிகக் கொடிய மருந்துகளை அவ்வலுவலகம் ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து அகற்றிற்று. 1984இல் பரத்தியன் நீங்கிற்று. 1995இல் உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என வகுத்தவற்றுள் எஞ்சியிருந்தவையும், 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. 2008 தொடக்கம் மேலும் மூன்று படிப்படியாக விலக்கப்பட்டன. 1995க்கும் 2015க்கும் இடையில் இவ்வாறு காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 வரையிலாகும் என்பது ஆய்வாளரின் கணிப்பு.

இங்கே வாசகர் கருத்திற் கொள்ளவேண்டிய விந்தை ஒன்றுண்டு. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோரின் தொகை அக்காலத்திற் குறையவில்லை. வந்தோருள் மாண்டோரின் தொகையே குறைந்தது. மனத்துயரம் நாட்டைவிட்டு நீங்கிவிடவில்லை. துயருற்ற வேளையில் கைக்கெட்டும் பொருளின் கொடுமைதான் தணிந்தது. நஞ்சருந்திப் பிழைத்தோரை உசாவியபோது, அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் அதற்குமுன் அரைமணி நேரமேனும் எண்ணிப் பார்த்தவரல்லர் எனத் தெரிந்தது. சாகவேண்டுமென்று நாட்கணக்கில் உறுதிபூண்டு இருந்தவர்கள் அல்லர். தாங்கொணாத ஒரு பொழுதினைக் கடக்க வழியறியாது தவித்தவர்கள். அந்தப் பொழுது கடந்தபின் அவர்களிற் பெரும்பாலோர் வாழவே விரும்புகின்றனர்.

கொடிய மருந்துகளை நீக்கினால் விளைச்சல் குன்றுமென்று அன்று அஞ்சியோர் பலர். அவ்வாறு நிகழவில்லை, மாற்று மருந்துகள் இருந்தன. 2021இல் எல்லா இரசாயனங்களையும் ஒரே நாளில் நிறுத்தப்போய் நேர்ந்த அவலத்தை இதனோடு சேர்த்து எண்ணுவோரும் உளர். இரண்டும் வேறு. முன்னையது ஆய்ந்து, காலங் கொடுத்துச் செய்யப்பட்டது.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் யாவும் பயன் தருவதில்லை என்பதற்கும் எமது நாட்டிலேயே சான்று கிடைத்தது. அநுராதபுர மாவட்டத்திலே 180 கிராமங்களைத் தெரிந்து, அவற்றுட் பாதிக் கிராமங்களின் கமக்காரக் குடும்பங்களுக்குப் பூட்டுடன் கூடிய பெட்டிகளை வழங்கினர். மருந்தை அதனுள் வைத்துப் பூட்டிவிட்டால் ஆபத்து நீங்குமென்பது எண்ணம். எவர்தான் அவ்வாறு எண்ணமாட்டார்? மூன்றாண்டுகள் கணக்கெடுத்தனர். பெட்டி பெற்ற ஊருக்கும் பெறாத ஊருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. 2017இல் முடிவு வெளியாயிற்று. திறப்பு வீட்டிலுள்ளோர் கையிலேயே இருக்கும்போது பூட்டு எதனைத் தடுக்கும் என்று எமக்குத் தோன்றுகிறது. பெட்டி வேண்டாமென்று நாம் கூறவில்லை. தவழும் குழந்தையுள்ள வீட்டில் அது கட்டாயம் வேண்டியதே.

கடைக்காரருக்கும் இதிலே பங்குண்டு. வெறியிலோ கலங்கிய முகத்தோடோ வருபவருக்கு மருந்தை விற்காது, நாளை வருக என்று திருப்பியனுப்புமாறு அநுராதபுரப் பகுதியில் அவர்களைப் பழக்கிப் பார்த்துள்ளனர். வீடுதோறும் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரும் வீட்டுத் துயரை முதலில் அறிபவர்களுள் ஒருவர்.

வீட்டில் இத்தகைய இடர் நேர்ந்தால், உப்புநீர் புகட்டி வாந்தியெடுப்பிக்க முனைவது பெருந்தீங்கு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்; போத்தலையும் வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பொலிசாருக்கு அஞ்சி மறைப்பாரும் இன்னும் உளர். தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

மனம் விட்டுப் பேச ஒருவரும் இல்லாதோர்க்குத் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926 உண்டு. அம்மாணவரின் வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் அவ்விலக்கத்தை வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தோம். பாடத்துக்கு இடம் போதாமையால் அன்று மாலையே அழிக்க நேர்ந்தது. அடுத்த நாட் காலையில் யாரோ ஒரு பிள்ளை, எமது கையெழுத்தினும் பெரிய எழுத்தில், அதனை மீண்டும் அங்கே எழுதியிருந்தது.