மழையில் சைக்கிள் வழுக்குதா? டயர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

டொரன்டோவில் உறைபனி ரோட்டில் சைக்கிள் ஓட்ட, டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர் போடுவார்கள். ஆரணிக்கு அது தேவையில்லை. இங்கே சோதனை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. பட்டுப் பாவை கேரியரில் கட்டிச் செல்லும் நெசவாளர் வழுக்கி விழுந்தால், அடி காலுக்கு மட்டுமல்ல. சேறான நூலால் கூலிக்கும்தான்.

கட்டை கட்டையாக இருக்கும் டயர் நல்லதா?

தார் ரோட்டுக்கு வேண்டாம். சைக்கிள் டயர் குறுகலானது, காற்றழுத்தமும் அதிகம். நாம போற வேகத்துல அதுவே தண்ணியை ஒதுக்கிடும். பிடிப்பு தருவது ரப்பரின் மென்மை. வெயிலில் காய்ந்து வெடித்த பழைய டயர்தான் ஆபத்து. மண் பாதை, சேறு என்றால் மட்டும் கட்டை டயர்.

எந்த சைஸ்?

பழைய பெரிய சைக்கிளுக்கு 28 x 1½. டயரின் பக்கவாட்டில் 40-635 என்று இருக்கும்: அகலம் 40 மி.மீ., ரிம் விட்டம் 635 மி.மீ. '28' என்று போட்டிருந்தாலும் 622 என்றிருந்தால் அது இந்த ரிம்மில் உட்காராது.

காற்று எவ்வளவு?

கல்லு மாதிரி அடிக்காதீங்க. டயரில் அச்சிட்ட அளவுக்குள், மழையில் சற்றுக் குறைக்கலாம். பாரம் ஏற்றினால் பின் டயருக்குக் குறைக்கக் கூடாது.

எந்த டயரானாலும் வெள்ளைக்கோடும் இரும்பு மூடியும் வழுக்கும். நனைந்த ரிம்மில் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், முன்கூட்டியே அழுத்துங்கள்.