தோட்டை அடகு வைக்க வேண்டாம்

"சபையில மகளுக்குக் கிளார்க் வேலை எடுத்துத் தர்றேன்னு ஒருத்தரு காசு கேக்குறாரு. தோட்டை அடகு வைக்கவா மிஸ்?"

போரில் கணவரை இழந்து, வன்னியிலிருந்து தலவாக்கலைக்குத் திரும்பிய சகோதரியொருவர் என்னிடம் கேட்டார். வேண்டாமென்றேன்.

பிரதேச சபை, நகர சபைகளின் நிரந்தர நியமனங்கள் தவிசாளர் விருப்பப்படி வழங்குபவை அல்ல. அவை மாகாண அரச சேவைக்குரியவை. விண்ணப்பம் கோருவார்கள், பரீட்சையும் நேர்முகமும் இருக்கும். பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. சேர்ந்தபின் சிங்களமும் கற்க வேண்டிவரும்.

2018இல் சட்டம் திருத்தப்பட்டபின் பிரதேச சபைகள் தோட்டங்களுக்கும் சேவை செய்யலாம். அங்கே நம் மொழி பேசும் அலுவலர்கள் வேண்டாமா?

சகோதரிகளே, பத்திரிகை விளம்பரங்களைக் கவனியுங்கள். இடம்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுத்து வையுங்கள்.

அந்தத் தோடு இன்னும் தாயின் காதில்தான் இருக்கிறது. மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள்.