ஆந்தைக்கு ஒரு வீடு

மாணவர்களே, சுங்கை சோவிலிருந்து கோல சிலாங்கூர் போகும்போது, செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி நிற்பதைக் கண்டதுண்டா? அது கூகை ஆந்தைக்கு வைத்த வீடு. ஆந்தை அலறினால் கெட்ட சகுனம் என்பார் பாட்டி. தோட்டத்திலோ அது காவலாளி. செம்பனைப் பழம் தின்னும் எலிகளை இரவில் வேட்டையாடுகிறது. செரிக்காத எலும்பையும் உரோமத்தையும் உருண்டையாகக் கக்கிவிடும். அதைப் பிரித்து மண்டையோடுகளை எண்ணினால், தின்ற எலிகளின் கணக்குக் கிடைக்கும்.

நஞ்சு தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகலாம். நஞ்சா, ஆந்தையா என்பதைக் கணக்கிட்டு முடிவெடுப்பதும் வனவிலங்கு நிர்வாகம்தான். அன்பு மட்டும் போதாது. எண்ணவும் தெரிய வேண்டும். செர்டாங்கிலுள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் வனவியலோடு இதைப் படிக்கலாம். உயிரியலையும் கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள். இன்றிரவு அலறல் கேட்டால், நேரத்தைக் குறித்து வையுங்கள்.