தொழில்முறை விளையாட்டு அணிகளில் நிதி நெருக்கடியும் தலைமைச் சிக்கலும்: தென்காசி – நெல்லை வட்டார நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தொழில்முறை விளையாட்டு அணி ஊரின் பெயரைத் தாங்குகிறது. ஆனால் அதன் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. நிறுவனத்தின் கடனும் அதன் தலைமையில் எழும் பூசலும் அணியைத் தாக்கும்போது, ஊருக்கும் வீரர்களுக்கும் அதில் பேசும் உரிமை இல்லை. இவ்வுண்மையைச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, அதன் தாய் நிறுவனமாக இருந்த இந்தியா சிமெண்ட்ஸ், தமிழ்நாடு பிரீமியர் லீக் அணிகள், கொச்சி அணி ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தென்காசி, குற்றாலம் பகுதி மக்களுக்கு அண்மையிலுள்ள தொழில்முறை ஆடுகளமான சங்கர்நகர் இவ்விளக்கத்தின் மையமாக அமைகிறது.

முதன்மைச் சொற்கள்: கிரிக்கெட், உரிம அணி, நலன் முரண், வங்கி உத்தரவாதம், சங்கர்நகர், தென்காசி.

முன்னுரை

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே வீசத் தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் பொழிகிறது. அதே காற்று கிழக்கே செல்லச் செல்ல ஈரத்தை இழந்து, நெல்லைச் சமவெளியில் வறண்ட காற்றாக வீசுகிறது. குற்றாலத்தில் அருவி ஆர்ப்பரிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் நெல்லையில் கிரிக்கெட் ஆட இயல்வது இதனால்தான். தென்காசியிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் திருநெல்வேலியும், அதன் வடக்கே தாழையூத்தை ஒட்டிச் சங்கர்நகரும் உள்ளன. அங்குள்ள இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவன மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடைபெற்று வருகின்றன. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாகும் வரை தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே ‘நெல்லை’ என்னும் பெயர் தாங்கிய அணியைத் தென்காசி மக்கள் தம் அணியாகக் கருதுவது இயல்பே. அவ்வாறு கருதும் மக்களுக்கு அவ்வணியின் மீது உள்ள உரிமை யாது என்பதே இங்கு எழும் வினா.

உரிம அணியின் அமைப்பு

பழைய முறையிலான விளையாட்டுக் கழகம் உறுப்பினர்களின் சந்தாவால் இயங்குவது. அதன் நிருவாகிகளை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பர். உரிம அணி அவ்வாறன்று. போட்டியை நடத்தும் வாரியம், குறிப்பிட்ட ஊரின் பெயரில் அணி நடத்தும் உரிமத்தை ஏலத்தில் விற்கிறது. அதை வாங்கும் நிறுவனம் உரிமக் கட்டணம், வீரர் ஊதியம், பயணம், பயிற்சி ஆகிய செலவுகளை ஏற்கிறது. ஒளிபரப்பு உரிமையால் வரும் பொது வருவாயின் பங்கு, விளம்பர உடன்பாடு, நுழைவுச்சீட்டு விற்பனை ஆகியன அதன் வரவினங்கள். கட்டணம் தவறாமல் வரும் என்பதற்கு வங்கி உத்தரவாதமும் அளிக்க வேண்டும்.

இவ்வமைப்பில் இரு வலுக்குறைகள் உள்ளன. முதலாவது, அணி நன்றாக ஆடினாலும் தாய் நிறுவனம் கடனில் மூழ்கினால் அணியும் மூழ்கும். இரண்டாவது, அணியின் தலைமை யார் என்பது பலவேளைகளில் தெளிவாக வரையறுக்கப்படுவதில்லை. உரிமையாளர், நிருவாகி, பயிற்சியாளர், ஆடுகளத் தலைவர் ஆகிய நால்வரிடையே அதிகாரம் மங்கலாகப் பிரிந்து கிடக்கிறது. பின்வரும் பகுதிகள் இவ்விரு குறைகளையும் சான்றுகளுடன் காட்டுகின்றன.

ஆலையிலிருந்து அணி

இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயர், டி.எஸ். நாராயணசுவாமி ஆகியோரால் 1946இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் ஆலை 1949இல் தாழையூத்தில் இயங்கத் தொடங்கியது; அதைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்பே சங்கர்நகர். நாராயணசுவாமியின் மகன் என். சீனிவாசன் 1989 முதல் நிறுவனத்தின் மேலாண்மைப் பொறுப்பை ஏற்று நடத்தினார்.

2008 ஜனவரியில் நடந்த இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தில், சென்னை அணியின் உரிமத்தை இந்நிறுவனம் 9.1 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அத்தொகை பத்து ஆண்டுகளில் பகுதி பகுதியாகச் செலுத்தப்பட வேண்டியது. நெல்லையின் சுண்ணாம்புக்கல்லில் வேரூன்றிய ஒரு தொழில் நிறுவனம், நாட்டின் புகழ்பெற்ற விளையாட்டு அணிகளுள் ஒன்றின் உரிமையாளராயிற்று.

இரட்டைப் பொறுப்பும் நலன் முரணும்

அணியை வாங்கியபோது சீனிவாசன் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொருளாளராக இருந்தார். வாரிய நிருவாகிகள் வணிக நலன் கொள்ளலாகாது என்னும் விதியிலிருந்து, 2008 செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தம் இந்தியன் பிரீமியர் லீக் போட்டிக்கு விலக்களித்தது. இதை எதிர்த்து வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ.சி. முத்தையா வழக்குத் தொடுத்தார். 2011இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். போட்டியை நடத்துபவரும் அதில் பங்குபெறும் அணியின் உரிமையாளரும் ஒருவராக இருக்கலாமா என்னும் வினா விடையின்றி நின்றது.

2013 மே மாதம் சூதாட்டப் புகார் வெடித்தபோது அவ்வினாவைத் தள்ளிப்போட இயலவில்லை. சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன் மே 24 அன்று கைது செய்யப்பட்டார். அவர் அணியின் உரிமையாளரோ முதன்மைச் செயல் அலுவலரோ அல்லர், நிருவாகக் குழுவின் மதிப்புறு உறுப்பினர் மட்டுமே என்று நிறுவனம் அறிவித்தது. அணியின் தலைமையில் யார் யார் உள்ளனர் என்பதே விசாரணைக்குரிய பொருளாயிற்று. உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு, அவர் அணியின் அலுவலரே என்றும் பந்தயம் கட்டினார் என்றும் கண்டறிந்தது.

2015 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் டி.எஸ். தாக்கூர், எஃப்.எம்.ஐ. கலிஃபுல்லா ஆகியோர் அளித்த தீர்ப்பு 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. முறைகேட்டை மூடிமறைத்ததாகச் சீனிவாசன் மீது கூறப்பட்ட குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. நலன் முரண் என்பது குற்றம் செய்தாரா என்னும் வினாவிலிருந்து வேறானது என்பதை இத்தீர்ப்பு தெளிவாக்கியது: தவறு நிகழாவிடினும் இரு பொறுப்புகள் ஒருவரிடம் சேர்வதே நம்பிக்கையைக் குலைக்கும். 2015 ஜூலை 14 அன்று லோதா குழு, சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர்களை இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது.

தண்டனை நிறுவனத்துக்கு, அதன் விளைவை அனுபவித்தோர் வீரர்களும் பார்வையாளர்களும். 2016, 2017 பருவங்களில் சென்னைக்கு அணியே இல்லை. வீரர்கள் புனே, குஜராத் அணிகளுக்கும் பிற அணிகளுக்கும் பிரிந்து சென்றனர். சென்னையைத் தொடக்கம் முதல் வழிநடத்திய மகேந்திர சிங் தோனி, 2017இல் புனே அணியின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். ஸ்டீவ் ஸ்மித் அப்பொறுப்பை ஏற்றார்.

மலைக்கு அப்பால்: கொச்சியும் பிறவும்

தென்காசிக்கு மேற்கே மலையைக் கடந்தால் கேரளம். அங்குத் தோன்றிய கொச்சி டஸ்கர்ஸ் அணியின் வரலாறு, நிதிச் சிக்கலும் தலைமைச் சிக்கலும் ஒன்றையொன்று வளர்ப்பதற்குச் சான்றாகும். 2010 மார்ச் மாதம் பல பங்காளிகள் இணைந்து 33.33 கோடி டாலருக்கு இவ்வணியை வாங்கினர். பணம் முதலிடாதோருக்கு உழைப்பின் பெயரால் வழங்கப்பட்ட பங்கு குறித்துத் தொடக்கத்திலேயே பூசல் எழுந்தது. அதன் தொடர்பில் ஒன்றிய இணையமைச்சர் சசி தரூர் 2010 ஏப்ரலில் பதவி விலகினார். பங்காளிகளிடையே உடன்பாடின்மை நீடித்தது. புதிய வங்கி உத்தரவாதம் அளிக்கப்படவில்லை. 2011இல் ஒரே ஒரு பருவம் ஆடிய நிலையில், அவ்வாண்டு செப்டம்பரில் வாரியம் உரிமத்தை நீக்கியது. அந்நீக்கம் முறையற்றது எனத் தீர்ப்பாயம் வழங்கிய 538 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட இழப்பீட்டை மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதிசெய்தது. வழக்கில் உரிமையாளர்கள் வென்றனர். ஆனால் கொச்சிக்கு அணி மீளவில்லை.

ஐதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் அணி 2009இல் வாகை சூடியது. அதன் தாய் நிறுவனமான பத்திரிகைக் குழுமம் கடனில் வீழ்ந்ததால் 2012இல் அணி நீக்கப்பட்டது. 4,800 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு வழங்கிய 2020ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பை மும்பை உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. 37 கோடி டாலர் கொடுத்து வாங்கப்பட்ட புனே வாரியர்ஸ் அணி 2013இல் மறைந்தது. அதிக விலை கொடுத்தவரே உறுதியான உரிமையாளர் என்னும் எண்ணம் இம்மூன்று அணிகளாலும் பொய்யாயிற்று.

ஊர்ப்பெயரும் உரிமையும்

சென்னை அணி இல்லாத 2016இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் எட்டு அணிகளுடன் தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டியைத் தொடங்கியது. முதல் ஆண்டில் தூத்துக்குடி அணி கோப்பையை வென்றது. ஆயினும் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் தூத்துக்குடி, காரைக்குடி, காஞ்சி ஆகிய பெயர்கள் இல்லை. சேலம், திருப்பூர், நெல்லை ஆகிய பெயர்கள் இடம்பெற்றன. முதல் வாகையர் என்னும் சிறப்பும் ஒரு நகரின் பெயரைக் காக்கவில்லை. உரிமத்தை உடையவர் மாறும்போது, அல்லது அவர் விரும்பும்போது, ஊர்ப்பெயர் இடம்பெயர்கிறது.

மாநில அளவிலான போட்டிக்குத் தேசியப் போட்டியைப் போலப் பெரிய ஒளிபரப்பு வருவாய் இல்லை. எனவே உரிமையாளரின் பிற தொழில்களும் விளம்பரதாரர்களுமே அணியைத் தாங்குகின்றனர். தூண்கள் சிலவாக இருக்கும் கட்டடத்தில் ஒன்று சாய்ந்தாலும் கூரை அசையும். 2019இல் சூதாட்டத் தரகர்கள் வீரர்களை அணுகியதாக எழுந்த புகார்களை வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஊதியம் குறைவாகவும் உரிமை நிலையற்றதாகவும் உள்ள இடத்தில் இளம் வீரர் எளிதில் இலக்காகிறார்.

2023இல் இப்போட்டியில் வீரர் ஏலமுறை முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. இந்தியன் பிரீமியர் லீக்கில் குஜராத் அணி அப்போது அவருக்கு அளித்த 20 லட்சத்தைவிட இது மிகுதி. அவ்வாண்டு ஜூலை 12 அன்று சங்கர்நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோவை அணி, நெல்லை அணியை 104 ஓட்டங்களில் வென்றது. நெல்லைக்கு அது சொந்த மண். ஆனால் மைதானம் ஓர் ஆலையுடையது, அணி ஓர் உரிமையாளருடையது.

ஆலை கைமாறியபோது

இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 2022–23, 2023–24 நிதியாண்டுகளில் நட்டத்தைச் சந்தித்தது. எரிபொருள் செலவு உயர்ந்தது. நடைமுறை மூலதனம் குறைந்ததால் ஆலைகள் முழுத் திறனில் இயங்கவில்லை. 2024 ஜூனில் அல்ட்ராடெக் நிறுவனம் ஏறத்தாழ 23 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. ஜூலையில் மேலும் 32.72 விழுக்காட்டை 3,954 கோடி ரூபாய்க்கு வாங்க உடன்பட்டது. டிசம்பரில் பரிமாற்றம் நிறைவுற்றது. சீனிவாசன் பொறுப்பிலிருந்து விலகினார். சங்கர்நகரின் முதல் ஆலை வேறு குழுமத்தின் ஆளுகைக்குச் சென்றது.

ஐதராபாத்தைப் போல அணியும் உடன் வீழாதது ஏன்? 2015இலேயே அணியின் உரிமம் சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் நிறுவனம் என்னும் தனி அமைப்புக்கு மாற்றப்பட்டிருந்தது. அப்போது உரிமத்துக்கு 5 லட்சம் ரூபாய் மட்டுமே மதிப்பிடப்பட்டது குறித்து வாரியத்தில் கேள்வி எழுந்தது. பின்னர்ப் புதிய நிறுவனத்தின் பங்குகள் இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டன. கணக்கு, கடன், சொத்து ஆகியன பிரிந்திருந்ததால் ஆலை விற்கப்பட்டபோது அணி விற்கப்படவில்லை. இடைநீக்க நெருக்கடியின் காலத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு, ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நெருக்கடியில் அணியைக் காத்தது.

ஆடுகளத் தலைமை

நிதி உறுதியாக இருந்தாலும் தலைமை மாற்றம் எளிதன்று என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. மார்ச் 24 அன்று தோனியிடமிருந்து ரவீந்திர ஜடேஜா தலைமையை ஏற்றார். எட்டு ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே அணி வென்றது. ஏப்ரல் 30 அன்று தலைமை மீண்டும் தோனியிடம் சென்றது. முந்தைய தலைவர் அணியிலேயே ஆடும்போது புதியவரின் சொல்லுக்கு எவ்வளவு எடை இருக்கும் என்பது ஆலைகளின் இயக்குநர் குழுக்களிலும் எழும் வினாவே. 2024இல் ருதுராஜ் கெய்க்வாட் பொறுப்பேற்றபோது அணி அம்மாற்றத்துக்குப் பழகியிருந்தது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, அணியின் கணக்கு தாய் நிறுவனத்தின் கணக்கிலிருந்து பிரிந்திருத்தல் வேண்டும். இரண்டு, போட்டியை நடத்துபவரும் அணியை உடையவரும் வேறாக இருத்தல் வேண்டும். அணியில் யாருக்கு எப்பொறுப்பு என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். மூன்று, பெயர் தரும் ஊருக்கு ஏதேனும் ஒரு பிடிமானம் வேண்டும். ஜெர்மனியின் கால்பந்துக் கழகங்களில் பெரும்பாலானவற்றில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்னும் விதி உள்ளது. அதை அப்படியே இங்குப் பின்பற்ற இயலாவிடினும், பெயர் மாற்றத்துக்கு முன் உள்ளூர்க் கழகங்களின் கருத்தைக் கேட்பது, வீரர் ஊதியத்தைத் தனி வைப்பில் காப்பது ஆகியன செய்யக்கூடியவை.

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதற்கு ஊறு நேரின் அதைச் செப்பனிடுவோரின் அடிபணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். சிதைந்த கோபுரம் 1990இல் புதிதாக எழுந்தது. தான் நிறுவியதைத் தனக்குப் பின் காப்போர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே எண்ணிய மனப்பான்மை அது. விளையாட்டு அணிகளின் உரிமப் பத்திரங்களில் இன்னும் இடம்பெறாதது அவ்வெண்ணமே.