வரப்புக்குள்ளே ஒரு பிரசவ அறை!

விடிகாலை ஐந்தரை மணி. கம்பம் பள்ளத்தாக்கின் ராயப்பன்பட்டியில் திராட்சைப் பந்தல்களைத் தாண்டி, சண்முகாநதி அணைப் பக்கம் ஒரு மானாவாரிச் சோளக்காட்டில் நிற்கிறேன். ஐப்பசி மழையில் ஊறிய மண் கணுக்காலைக் கவ்வுகிறது. முன்னால் எலி பிடிக்கும் பெரியவர், தோளில் மண்வெட்டியோடு. பின்னால் சாக்கும் புகைப்பானையுமாக அவர் மனைவி.

"செருப்பக் கழட்டிட்டு இங்கிட்டு வாங்க தம்பி. தரை அதிர்ந்தா உள்ள இருக்கவ ஓடிருவா."

'இருக்கவ'! எனக்கு அப்போதே மனசு துள்ள ஆரம்பித்துவிட்டது.

வரப்போரம் சின்ன மண்குவியல். வயலெலி உள்ளேயிருந்தே வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளுமாம். பெரியவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் நசுக்குகிறார். காய்ந்திருந்தால் காலி வீடு. இது ஈரமாகப் பிசுபிசுக்கிறது. ஆள் இருக்கு!

மற்ற வாசல்களைக் கல் வைத்து அடைத்துவிட்டு வெட்டத் தொடங்குகிறார். கொத்திக் கொத்தி, நின்று காது கொடுத்து, மறுபடி கொத்தி... மூக்கு நுனியில் வியர்வை சொட்டுகிறது. "மகளுக்குப் பேறுகாலம் பாத்தப்பகூட இம்புட்டுப் பதமா நடக்கல இந்த மனுசன்" என்கிறார் அந்தம்மா. பெரியவர் தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

முதலில் களஞ்சியம் தட்டுப்படுகிறது. நறுக்கி அடுக்கிய சோளக்கதிர்கள்! அடுத்த வளைவில் வைக்கோல் மெத்தை. அதன்மேல், பார்த்தேன் பாருங்கள், எட்டுக் குட்டிகள்! ரோமமில்லை, கண் திறக்கவில்லை. மொச்சைக்கொட்டையை ரோஜா நிறத்தில் உருட்டி வைத்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று நெளிகின்றன.

"சித்திரையில இதே வரப்ப வெட்டுனா ஒத்தக் கிழட்டெலிதான் கிடைக்கும்" என்கிறார். மழை விழுந்தால் புல் துளிர்க்கும், கதிர் பால் பிடிக்கும். தின்று தேறிய தாயெலி சினையாகும். சுமார் மூன்றே வாரத்தில் குட்டி போடும். ஈர மண் தோண்டவும் இளக்கம். அதற்காக மழை ஒரேயடியாக அடித்தாலும் ஆபத்துதான், வளையில் தண்ணீர் புகுந்து குட்டிகள் மூழ்கிவிடும்.

மேற்கே உத்தமபாளையம் பக்கத்து நெல் வயல் எலிகளுக்கு வேறு பஞ்சாங்கம். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களுக்கு, முல்லைப்பெரியாறு அணையில் தண்ணீர் இருந்தால் வழக்கமாக ஜூன் 1 அன்று திறப்பார்கள். பயிர் பொதி கட்டும்போது அங்கே எலிக்குடும்பம் பெருகும். மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழைக்கு இந்தப் பக்கம் வரப்பில் தாலாட்டு! ராயப்பன்பட்டிக் காட்டு எலிக்கோ தலைக்கு மேலே பெய்யும் ஐப்பசி மழைதான் கணக்கு.

அந்தக் கணக்கைப் பெரியவர் எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? வீட்டுச் சுவரில்! முதல் மழைக்கு ஒரு கரிக்கோடு. அதிலிருந்து ஒன்றரை மாதம் எண்ணி மண்வெட்டியை எடுப்பாராம். தான்சானியா எலிகளைப் பற்றி ஆய்வாளர் ஹெர்விக் லெயர்ஸ் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வும் பருவத் தொடக்க மழையை வைத்தே எலிப்பெருக்கத்தை முன்கூட்டிக் கணிக்க வழி சொன்னது. அதைச் சொன்னதும் அவர் முகத்தில் அப்படியொரு பெருமை!

சாக்கைக் கட்டிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். மேகமலைப் பக்கம் ஓர் இடி. பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கடை அடுப்போரம் கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.